மூணு கம்பிக்கு இவ்வளவு பயமா?

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியா இருக்கு. அதனால ரொம்ப நாளா தொண்டையில நிக்கிற ஒரு விஷயத்தை இன்னிக்கு இறக்கி வெச்சிடறேன். கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். மும்பை, புனே, பெங்களூரு, டெல்லின்னு ஊரை விட்டு வந்து பொட்டி தட்டிப் பொழைக்கிற நம்ம தமிழ்க் குடும்பங்களைத்தான் திட்டப் போறேன். வெளியாளை இல்ல, நம்மளைத்தான்.

விஷயம் என்னவோ சின்னது. கேமராவுல சொருகுற கம்பி ரிமோட். ஷட்டரைக் கையால தொடாம, ஆட்டாம, ஒரு நீளக் கம்பியோட முனையில இருக்கிற பொத்தானை அழுத்திப் படம் எடுக்கிறதுக்கு. நம்ம வீடுகள்ல பாதிக்கு மேல ஒரு டிஎஸ்எல்ஆர் இருக்கு. போனஸ் வந்த வருஷம் வாங்கினது, இல்லேன்னா குழந்தை பிறந்தப்ப வாங்கினது. இப்ப அது பீரோவுல பட்டுப்புடவைக்குப் பக்கத்துல தூங்குது. அதுகூட வாங்கின கம்பி ரிமோட்டும் தூங்குது. அதைக் கம்பியில்லாம வேலை செய்ய வைக்கலாம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும்னு சொன்னா, நம்ம ஆளுங்க முகத்துல வர்ற பயத்தைப் பார்க்கணுமே! ஏதோ வெடிகுண்டைப் பிரிக்கச் சொன்ன மாதிரி.

அந்தப் பயத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு. அந்தப் பயத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிற இன்னொண்ணைப் பத்தியும்.

உள்ள என்னதான் இருக்கு?

கம்பி ரிமோட்டைத் திறந்து பார்த்தவங்க நம்மில எத்தனை பேர்? பின்பக்கம் ஒண்ணு ரெண்டு ஸ்க்ரூ இருக்கும். சில மாடல்ல அதுவும் இல்ல, நகத்தால நெம்பினா வர்ற பிளாஸ்டிக் மூடிதான். சாதாரண ரிமோட்ல சிப் கிடையாது, பேட்டரி கிடையாது. மெல்லிசா மூணு உலோகத் தகடு, அதுலேர்ந்து மூணு கம்பி. அவ்வளவுதான் சாமி.

ஒரு கம்பி கிரவுண்டு. ஒண்ணு ஃபோகஸ். ஒண்ணு ஷட்டர். பொத்தானைப் பாதி அழுத்தினா ஃபோகஸ் தகடு கிரவுண்டைத் தொடும், கேமரா ஃபோகஸ் பண்ணும். முழுசா அழுத்தினா ஷட்டர் தகடும் சேர்ந்து தொடும், படம் விழும். வீட்டு காலிங் பெல் சுவிட்ச் செய்யற அதே வேலை. பெல்லுக்கு ஒரு படி, இதுக்கு ரெண்டு படி, அதுதான் வித்தியாசம்.

கேனானோட சின்ன மாடல்கள்ல 2.5 மி.மீ. ஸ்டீரியோ பின் வரும். பழைய மொபைல் ஹெட்செட்ல வந்துச்சே, அதே பின். நுனி ஷட்டர், நடு வளையம் ஃபோகஸ், அடிப்பாகம் கிரவுண்டு. பெரிய மாடல்னா கேனானுக்கே சொந்தமான மூணு முனைப் பின். நிக்கானுக்கு டி90-லேர்ந்து டி7500 வரைக்கும் பல மாடலுக்கு ஒரு விதம், பெரிய உடல்களுக்குப் பத்து முனை வட்டப் பின். கம்பெனிக்கு ஒண்ணு, கம்பெனிக்குள்ளயே ரெண்டுன்னு வெளியில முகம் மாறுதே தவிர, உள்ள நடக்கிறது ஒண்ணேதான்: ரெண்டு கம்பியைக் கிரவுண்டோட தொட வைக்கணும். இந்த மூணு தகட்டுக்கும் ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்கும் கம்பெனி முத்திரையோட என்ன விலை கேட்கிறாங்கன்னு கடையில விசாரிச்சுப் பாருங்க. விலையைப் பார்த்தே 'உள்ள ஏதோ பெரிய சமாச்சாரம் இருக்கு போல'ன்னு நாம நம்பிடறோம்.

கம்பி எதுக்குப் போகணும்?

கம்பியோட நீளம் அரை மீட்டரிலேர்ந்து ஒரு மீட்டர். கேமரா எங்கயோ, நாம அதுக்குப் பக்கத்துலயேன்னு நிக்கணும். நம்ம வாழ்க்கையில அது எங்க இடிக்குதுன்னா, ரெண்டு இடம் சொல்றேன்.

ஒண்ணு பால்கனி. பத்தாவது மாடி பிளாட்டா இருந்தாலும் ஒரு செம்பருத்தித் தொட்டி வெச்சீங்கன்னா தேன்சிட்டு வரும். ஒரு சட்டியில தண்ணி வெச்சீங்கன்னா கொண்டைக்குருவி குளிக்க வரும். நாம அங்க நின்னா வராது. கேமராவை முக்காலியில நிறுத்திட்டு, ஹாலுக்குள்ள சோபாவுல உட்கார்ந்து அழுத்தணும். இன்ஃப்ராரெட் ரிமோட் இதுக்கு உதவாது. அது டிவி ரிமோட் மாதிரி, கேமராவோட கண்ணுக்கு நேரா நின்னு காட்டணும். கேனான் ஆர்சி-6, நிக்கான் எம்எல்-எல்3 மாதிரியானதுக்கு எல்லை சுமார் 5 மீட்டர். பளீர்னு வெயில் அடிச்சா அதுவும் குறையும். ரேடியோ அலைக்குத் திரைச்சீலையும் தெரியாது, சுவரும் பெரிய தடை இல்ல.

ரெண்டாவது குடும்பப் படம். உங்க வீட்டு ஆல்பத்தை எடுத்துப் புரட்டிப் பாருங்க. பொங்கல், ஆயுள் ஹோமம், காது குத்து, ஊர்லேர்ந்து அம்மா அப்பா வந்தப்ப கேட்வே ஆஃப் இந்தியா முன்னாடி எடுத்தது. எல்லாத்துலயும் ஒருத்தர் இருக்க மாட்டார். கேமராவைப் பிடிச்சவர். பத்து செகண்டு டைமர் வெச்சு ஓடி வந்து நின்ன படத்துல அவர் மட்டும் மூச்சு வாங்கிட்டு நிப்பார் :-) நாம வருஷத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையோதான் ஊருக்குப் போறோம். அதுல மொத்தக் குடும்பமும் ஒரே படத்துல நிக்கிற நிமிஷம் எத்தனை வரும்? பாட்டி கையில ஒரு சின்ன ரிமோட்டைக் கொடுத்து "நீங்களே அழுத்துங்க"ன்னு சொல்லிப் பாருங்க. அந்தப் படத்துல எல்லாரும் இருப்பாங்க, எல்லாரும் சிரிப்பாங்க.

செய்யறது எப்படி?

திட்டறதுக்கு முன்னாடி வழியைச் சொல்லிடறேன். இல்லேன்னா 'வாய்ப்பேச்சு வீரன்'னு நீங்க திருப்பித் திட்டுவீங்க.

மும்பைன்னா கிராண்ட் ரோடு ஸ்டேஷன்ல இறங்கி லேமிங்டன் ரோடு. பெங்களூருன்னா எஸ்.பி. ரோடு. சென்னைக்குப் போற வேலை இருந்தா ரிச்சி தெரு. அங்க நாலு பொத்தான் சாவிக்கொத்து ரிமோட்டும் அதுக்கு ஜோடியா ஒரு குட்டி ரிசீவர் போர்டும் கிடைக்கும். பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ். ரிசீவர்ல பிடி2272-ன்னு ஒரு சிப் இருந்தா அதோட கடைசி எழுத்தைப் பாருங்க. எம்4-ன்னா அழுத்தும்போது மட்டும் வேலை செய்யும். எல்4-ன்னா ஒரு தடவை அழுத்தினா அப்படியே நிக்கும். சாதாரணப் படத்துக்கு எம்4. ராத்திரி நட்சத்திரத் தடம் எடுக்க பல்ப் மோடுல ஷட்டரைத் திறந்தே வைக்கணும்னா எல்4.

கூடவே பிசி817-ன்னு ஆப்டோகப்ளர் ரெண்டு, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ரெண்டு, நாலு ரீசார்ஜ் பேட்டரி போடற ஒரு டப்பா. பவர் பேங்க் வேணாம். இவ்வளவு கம்மியா கரண்ட் இழுத்தா 'ஒண்ணும் மாட்டல போல'ன்னு நினைச்சுப் பல பவர் பேங்க் தானே அணைஞ்சிடும்.

ஆப்டோகப்ளர்தான் இதுல முக்கியமான ஆள். உள்ள ஒரு பக்கம் குட்டி எல்இடி, எதிர்ப்பக்கம் வெளிச்சம் பட்டா மூடிக்கிற சுவிட்ச். நடுவுல கம்பித் தொடர்பே கிடையாது, வெளிச்சம் மட்டும்தான் தாண்டும். ரிசீவரோட 5 வோல்ட் எல்இடி பக்கத்தோட நின்னுடும். கேமரா பக்கம் வெறும் சுவிட்ச் மட்டும். ஆக, நாம கேமராவுக்குள்ள ஒரு சொட்டு மின்சாரம்கூட அனுப்பலை. கம்பி ரிமோட்ல விரல் செஞ்ச வேலையை இப்ப வெளிச்சம் செய்யுது.

ரிமோட்டோட பழைய கம்பியை நடுவுல வெட்டி (கவலைப்படாதீங்க, ஒரு சாக்கெட் வெச்சா கம்பி ரிமோட்டாவும் திரும்பப் பயன்படுத்திக்கலாம்) மூணு கம்பியையும் மல்டிமீட்டரால 'பீப்' சத்தம் கேட்டு அடையாளம் காணுங்க. வண்ணத்தை நம்பாதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு பொத்தானோட வெளியீடு ரெசிஸ்டர் வழியா ஃபோகஸ் ஆப்டோகப்ளருக்கு, இன்னொண்ணு ஷட்டருக்கு. மறுபக்கம் கலெக்டர் கால் ஃபோகஸ், ஷட்டர் கம்பிக்கு, எமிட்டர் கால் கிரவுண்டுக்கு. முதல் தடவை செய்யறவங்க இன்னும் சுலபமா செய்யலாம்: லென்ஸை மேனுவல் ஃபோகஸ்ல வெச்சுட்டு, ஃபோகஸ் ஷட்டர் ரெண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கி, ஒரே ஆப்டோகப்ளர், ஒரே பொத்தான்.

கேமராவுல சொருகறதுக்கு முன்னாடி ஒரு சோதனை கட்டாயம். டப்பாவுக்கு பேட்டரி போட்டு, கேமராவுக்குப் போற பின்ல மல்டிமீட்டரை வெச்சு வோல்டேஜ் பாருங்க. சுழியம் காட்டணும். பொத்தானை அழுத்தியும் சுழியம் காட்டணும். காட்டுச்சுன்னா தைரியமா சொருகுங்க. காட்டலைன்னா தப்பு எங்கன்னு தேடுங்க. அவ்வளவுதான் மொத்த வித்தை.

சரி, இப்ப ஆட்சேபணைகள்

இதைச் சொன்னா நம்ம ஆளுங்க வரிசையா எடுத்து விடற சாக்குகள் எனக்கு மனப்பாடம்.

"வாரண்ட்டி போயிடும் சார்." எதோட வாரண்ட்டி? திறக்கிறது ரிமோட்டை, கேமராவை இல்ல. உங்க கேமராவோட வாரண்ட்டி முடிஞ்சு பத்து வருஷம் ஆச்சு. அதோட, 'சீல் கிழிஞ்சா வாரண்ட்டி கிடையாது'ங்கிற ஸ்டிக்கரை ஏதோ வேத வாக்கியம் மாதிரி பார்க்கறதை முதல்ல விடுங்க. அமெரிக்காவுல 1975-லயே வாரண்ட்டிக்குன்னு ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் 2018-இல் அங்க இருக்கிற மத்திய வணிக ஆணையம் ஆறு கம்பெனிகளுக்கு, இப்படி மிரட்டி விக்காதீங்கன்னு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிச்சது. நம்ம நாட்டுலயும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு ஒரு குழு போட்டு, அந்த வருஷம் டிசம்பர்ல ஒரு இணையதளமும் தொடங்கிச்சு. விவசாயக் கருவி, மொபைல் மற்றும் மின்னணுப் பொருள், வீட்டு உபயோகச் சாமான், வண்டின்னு நாலு துறையை எடுத்துக்கிட்டாங்க. அரசாங்கமே 'திறந்து பார், சரி பண்ணு'ன்னு பேச ஆரம்பிச்சாச்சு. நாம இன்னும் ஸ்டிக்கரைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கறோம்.

"ரெடிமேடா கிடைக்குதே?" கிடைக்குது. கம்பெனி பேர் இல்லாத கம்பியில்லா டிரிக்கர் இணையத்துல கொஞ்சம் விலைக்கே கிடைக்குது. அடுத்த வாரம் தங்கச்சி கல்யாணம், அவசரம்னா தாராளமா அதை வாங்குங்க, நான் தடுக்கலை. ஆனா அந்தக் கம்பி பின்னோட கழுத்துல அறுந்து போற அன்னிக்கு என்ன பண்ணுவீங்க? எனக்கு அந்த அனுபவம் உண்டு. ஒரு சர்வீஸ் சென்டர்ல கொடுத்தப்ப, கவுண்டர்ல இருந்தவர் கையில வாங்கிக்கூடப் பார்க்கலை. "இதுக்கெல்லாம் ரிப்பேர் கிடையாது, புதுசு வாங்கிக்கோங்க"ன்னுட்டார். அறுந்தது ஒரு கம்பி. சால்டர் பண்ண அஞ்சு நிமிஷம். தெரியாதவனுக்கு அது குப்பை, தெரிஞ்சவனுக்கு அது அஞ்சு நிமிஷ வேலை. வித்தியாசம் பணத்துல இல்ல.

"இப்பதான் போன் ஆப் இருக்கே?" வைஃபை, புளூடூத் உள்ள கேமராவுக்கு இருக்கு. பீரோவுல தூங்கற பழைய கேமராவுக்கு? அதுல பலதுலயும் வைஃபை கிடையாது. ஆனா ரிமோட் ஓட்டை இருக்கு. அந்தக் கேமரா இன்னிக்கும் நல்லா படம் எடுக்கும். ஒரு ஓட்டை, மூணு கம்பி, அதுக்கு இன்னும் பத்து வருஷம் உயிர் கொடுக்கலாம். அதை விட்டுட்டுப் புதுசு வாங்க ஈஎம்ஐ கணக்குப் போடறோம்.

"என் ஒரு மணி நேரத்துச் சம்பளம் என்ன தெரியுமா?" இதைத்தான் என்னால தாங்க முடியறதில்ல. உங்க சனிக்கிழமை மத்தியானத்தை எந்தக் கம்பெனி மணிக்கணக்குல விலைக்கு வாங்குது? அந்த நேரத்துல மால்ல பார்க்கிங் தேடி முக்கால் மணி நேரம் சுத்தறப்ப இந்தக் கணக்கு ஞாபகத்துக்கு வரலையா? போன்ல ரீல்ஸ் தள்ளறப்ப வரலையா? பிள்ளையோட உட்கார்ந்து ஒரு ஸ்க்ரூவைக் கழட்டறப்ப மட்டும் மணிக்கணக்குச் சம்பளம் கண்ணு முன்னாடி வந்து நிக்குது!

கடைசி சாக்கு, நிஜமான சாக்கு

மேல சொன்ன நாலும் வெளிச்சட்டை. அதைக் கழட்டினா உள்ள இருக்கிறது இதுதான்: "இதெல்லாம் நம்ம வேலையா?"

எங்க சொசைட்டியில ஒரு பையன் இருக்கான். எட்டாங் கிளாஸ், தமிழ்க் குடும்பம்தான், அப்பா பெரிய கம்பெனியில பெரிய பதவி. பால்கனி தேன்சிட்டுக்காக அப்பாவோட பழைய கேமராவை எடுத்து, கம்பி ரிமோட்டைத் திறந்து, மூணு கம்பியையும் பேப்பர்ல படம் வரைஞ்சு வெச்சிருக்கான். யாரும் சொல்லித் தரலை. எந்தக் கம்பி எதுன்னு அவனாவே கண்டுபிடிச்சு, 'ஃபோகஸ், கிளிக், காமன்'னு எழுதி வெச்சிருக்கான். அந்தப் பேப்பரை நான் பார்த்தேன். அத்தனையும் சரி. வீட்டுல என்ன நடந்தது தெரியுமா? பாராட்டு இல்ல. "டேய், அதுல எல்லாம் கைய வைக்காத. இது மெக்கானிக் பண்ற வேலை. நீ போய் மேத்ஸ் போடு."

அதே வீடு, அதே பையனை வாரத்துக்கு ரெண்டு நாள் ரோபாட்டிக்ஸ் வகுப்புக்கு அனுப்புது. ஃபீஸ் கேட்டா தலை சுத்தும். அங்க பெட்டியில வர்ற பாகத்தைப் புத்தகத்துல போட்டிருக்கிற வரிசையில சொருகினா வண்டி ஓடும், சான்றிதழ் கிடைக்கும். வீட்டுல இலவசமா, தானா, நிஜமான ஒரு தேவைக்காக அவன் செஞ்சதுக்குத் திட்டு. ஏன்னா அந்த வகுப்புல ஏசி இருக்கு, இதுல அழுக்கு இருக்கு. வகுப்புல சான்றிதழ் இருக்கு, இதுல மெக்கானிக்கோட வாசனை இருக்கு.

மெக்கானிக்னா என்னங்க கேவலம்? லேமிங்டன் ரோட்டுல ரெண்டடி அகலக் கடையில உட்கார்ந்திருக்கிறவர், போர்டைக் கையில வாங்கினதும் எந்தப் பாகம் போயிருக்குன்னு சொல்றார். நம்ம வீட்டுல எலக்ட்ரானிக்ஸ்ல பட்டம் வாங்கின ரெண்டு பேர் இருப்போம். வீட்டு சுவிட்ச் பாக்ஸ் மூடியைக் கழட்டத் தெரியாது, சங்கத்து எலக்ட்ரீஷியனுக்கு போன் போடுவோம். வந்தவருக்குத் தண்ணி தர தனி டம்ளர் தேடற வீடுகளும் இருக்கு. கையால வேலை செய்யறவன் கீழ, பேப்பர்ல வேலை செய்யறவன் மேலங்கிற இந்தப் புத்தி எங்கேர்ந்து வந்ததுன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஊரை விட்டுக் கிளம்பினப்ப ஊறுகாய் ஜாடியோட அதையும் பெட்டியில கட்டி எடுத்துட்டு வந்திருக்கோம். ஜாடி காலியாயிடுச்சு. இது காலியாகலை.

சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜைன்னா நம்ம வீட்டுல என்ன நடக்குது? லேப்டாப்புக்குச் சந்தனம், காருக்கு எலுமிச்சம்பழம், டூல் பாக்ஸ்னு ஒண்ணு இருந்தா அதுக்கும் ஒரு குங்குமப் பொட்டு. வருஷத்துல ஒரு நாள் கருவியைக் கும்பிடறோம், மீதி 364 நாளும் அதைத் தொட்டா அந்தஸ்து குறைஞ்சிடும்னு நினைக்கிறோம். தொடாத கருவிக்கு எதுக்குய்யா பொட்டு?

பிள்ளைங்களுக்கு ஜி.டி. நாயுடு கதை சொல்றோம். பள்ளிக்கூடம் தாண்டாதவர், கோயம்புத்தூரை மாத்தினவர், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல ஒரே ஒரு பஸ்ஸோட தொடங்கினவர்னு பெருமையாச் சொல்றோம். அவரோட கதை எங்க ஆரம்பிக்குது? ஹோட்டல்ல வேலை பார்த்துச் சேர்த்த காசுல ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை அக்கு அக்காகக் கழட்டிப் பார்த்ததுலதான் ஆரம்பிக்குது. அந்த நாயுடு இன்னிக்கு நம்ம பிளாட்டுல பிறந்திருந்தா என்ன சொல்லியிருப்போம்? "டேய், வாரண்ட்டி போயிடும்டா."

பயம் வேற, அறிவு வேற

இதுக்காக எல்லாத்தையும் பிரிச்சு மேயச் சொல்றேன்னு எடுத்துக்காதீங்க. திறக்கக் கூடாதது இருக்கு. ஃபிளாஷைத் திறக்காதீங்க. அதுக்குள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல சுமார் 300 வோல்ட் நிக்கும், பேட்டரியைக் கழட்டின பிறகும் நிக்கும். ஃபிளாஷ் உள்ளயே இருக்கிற கேமராவோட உடலையும் அதே காரணத்துக்காகத் திறக்காதீங்க. கரண்டுல நேரா சொருகற அடாப்டர், மைக்ரோவேவ், உப்பிப் போன லித்தியம் பேட்டரி, இதெல்லாம் சின்னப் பசங்க கிட்டவே போகக் கூடாது. சால்டரிங் அயர்ன் முனை 300 டிகிரிக்கு மேல போகும். பெரியவங்க பக்கத்துல இருக்கணும், ஜன்னல் திறந்திருக்கணும், முடிஞ்சதும் கை கழுவணும்.

இந்தப் பட்டியலைப் படிச்சீங்களா? ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கு. இதுக்குப் பேர் அறிவு. காரணம் எதுவும் இல்லாம 'எதையும் தொடாதே'ங்கிறோமே, அதுக்குப் பேர்தான் பயம். எல்லாத்தையும் ஒரே மாதிரி பயமுறுத்தி வளர்த்த பிள்ளைக்கு, மூணு தகடு இருக்கிற ரிமோட்டும் 300 வோல்ட் இருக்கிற ஃபிளாஷும் ஒண்ணாத்தான் தெரியும். திறந்து பார்த்துப் பழகின பிள்ளைக்குத்தான் எதைத் திறக்கக் கூடாதுன்னும் தெரியும். உங்க பிள்ளைக்குப் பாதுகாப்பு வேணும்னா அறிவைக் கொடுங்க. பயத்தைக் கொடுத்துட்டுப் பாதுகாப்புன்னு பேர் வைக்காதீங்க.

இன்னொண்ணு. இந்தச் சின்ன வேலைக்குள்ள எவ்வளவு பாடம் இருக்குன்னு பாருங்க. அந்தச் சாவிக்கொத்து ரிமோட்ல எட்டு முகவரிக் கால்கள். ஒவ்வொண்ணையும் பிளஸ்ல இணைக்கலாம், மைனஸ்ல இணைக்கலாம், சும்மாவும் விடலாம். மூணு வழி, எட்டு கால்: மூணை எட்டு தடவை பெருக்கினா 6561. பக்கத்து பிளாட்காரன் அதே ரிமோட்டை வாங்கினாலும் உங்க கேமரா ஏன் அடிக்காதுங்கிறதுக்கு விடை இதுல இருக்கு. அடுக்குக்குறின்னு புத்தகத்துல வர்றப்ப கொட்டாவி விடற பிள்ளை, இதைக் கேட்டா நிமிர்ந்து உட்காருவான். 'மேத்ஸ் போடு'ன்னு விரட்டினீங்களே, மேத்ஸ் இங்கதான் இருக்கு.

இதுல கை பழகிட்டா அடுத்த படி ஈஎஸ்பி மாதிரி வைஃபை போர்டு. அது ஓடற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைஞ்ச சக்தியில பயன்படுத்த உரிமம் தேவையில்லன்னு இந்திய அரசு 2005-லயே விலக்கு கொடுத்தாச்சு. பத்து செகண்டுக்கு ஒரு படம்னு எழுதினா, மழைக்கால மேகம் மும்பை மேல நகர்றதை ஒரு நாள் முழுக்கப் பிடிக்கலாம். நாம பொட்டி தட்டி யாருக்காகவோ எழுதற கோடை, பிள்ளை அவன் ஆசைக்காக எழுதுவான்.

நாம ஊரை விட்டு வந்தது பிள்ளைங்களுக்கு நல்லது சேர்த்து வைக்கத்தான். பிளாட் சேர்த்தாச்சு, எஸ்ஐபி போட்டாச்சு, பட்டம் வாங்கிக் கொடுக்கவும் பணம் ஒதுக்கியாச்சு. ஒரு பொருள் நின்னு போனா அது முன்னாடி கை கட்டி நிக்காம, 'உள்ள என்னதான் இருக்கு, பார்த்துடலாம்'னு உட்காரற தைரியத்தை எந்த ஃபண்டுல போட்டிருக்கோம்? நம்ம தாத்தாக்கள் சைக்கிள் பஞ்சர் தாங்களே ஒட்டினாங்க. நம்ம அம்மாக்கள் பிரஷர் குக்கர் கேஸ்கட்லேர்ந்து மிக்ஸி கார்பன் பிரஷ் வரைக்கும் தாங்களே மாத்தினாங்க. அவங்ககிட்ட இருந்து நம்மகிட்ட வந்து நின்னு போச்சு. நம்மளோட முடிஞ்சும் போயிடக் கூடாது.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். பீரோவைத் திறங்க. அந்த ரிமோட்டை எடுங்க. பிள்ளை கையில ஸ்க்ரூ டிரைவரைக் கொடுங்க, நீங்க பக்கத்துல உட்காருங்க. பையன் மட்டும்னு இல்ல, பொண்ணு இருந்தா பொண்ணு கையிலயும். கழட்டட்டும். ஒரு ரிமோட் வீணாப் போனா போகட்டும், அதுவும் மூணு தகடுதான்.

டிஸ்கி 1: 'அப்ப சர்வீஸ் சென்டர்காரங்க பொழைக்க வேணாமா'ன்னு கேட்கறவங்களுக்கு: லேமிங்டன் ரோட்டு ரெண்டடிக் கடைக்காரரும் பொழைக்கணும் அண்ணாச்சி. அவர்கிட்ட ரெசிஸ்டர் வாங்குங்க.

டிஸ்கி 2: இதைப் படிச்சுட்டுத் தங்கமணி கேட்ட ஒரே கேள்வி: "சரி, மிக்ஸியை எப்ப சரி பண்ணப் போறீங்க?" நியாயமான கேள்வி. ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கிட்டு இருக்கேன் :-)